தாங்கும் வரை: ஓர் அலுமினிய என்ஜினின் கதை

1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற காரை வாங்கியவர் பெட்ரோல், என்ஜின் ஆயில், ரேடியேட்டர் நீர் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒரு திரவத்தையும் நினைவில் வைத்து நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் திரவத்துக்கு நிறுவனம் சூட்டிய பெயர் ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’. விண்வெளிப் பந்தயம் உச்சத்தில் இருந்த காலம்; எதற்கும் ராக்கெட் என்று பெயர் வைத்தால் விற்றுவிடும் என்ற நம்பிக்கை அமெரிக்க விளம்பரத் துறைக்கு இருந்தது. ஆனால் புட்டிக்குள் இருந்தது பாதி காய்ச்சி வடித்த தண்ணீர், பாதி மெத்தனால், துருப்பிடிக்காமல் இருக்கச் சிறிதளவு ரசாயனம். அவ்வளவுதான்.

இந்தப் புட்டியைச் சிரித்துவிட்டுக் கடந்துபோவதே வாகன வரலாற்று நூல்களின் வழக்கம். பெருநிறுவனம் ஒன்று வாடிக்கையாளரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லித் தோற்றுப்போன நகைச்சுவைத் துணுக்காகவே ஜெட்ஃபயர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கனவே வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்ட ஓர் என்ஜினை, அதன் உட்பகுதிகளை அதிகம் மாற்றாமல், அதன் இயல்புக்கு மேலான வேலையைச் செய்யவைக்க முடியுமா, முடியும் என்றால் அது எங்கே உடையும் என்ற கேள்விக்கு ஒரு கார் நிறுவனம் தன் பெயரையே பணயம் வைத்துத் தேடிய விடை அது. அந்தக் கேள்வி ஜெட்ஃபயரோடு முடிந்துவிடவும் இல்லை.

டர்போசார்ஜர் என்ற கருத்து காரைவிடச் சற்றே இளையது. எந்த என்ஜினிலும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவுப்புகையோடு சேர்ந்து வீணாக வெளியேறுகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் புதிய காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளினால் என்ன என்று சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூஷி கேட்டு, 1905இல் காப்புரிமையும் பெற்றார். கருத்து எளிது. சிவந்து தகிக்கும் வெப்பத்தில், நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் சக்கரத்துக்கேற்ற உலோகம் கிடைப்பதுதான் கடினம். 1920களின் நடுவில்தான் ப்யூஷியின் முறை இரண்டு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் டீசல் என்ஜின்களில் ஏறியது. 1750 குதிரைத் திறன் கொண்ட என்ஜின் 2500 ஆனது.

அமெரிக்காவில் அது வேறொரு வழியாக வந்தது. உயரே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைகிறது, விமான என்ஜின் மூச்சுத் திணறுகிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ் 1918இல் ஒரு லிபர்ட்டி விமான என்ஜினைக் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் சிகரத்துக்கு, 14,000 அடிக்கும் மேலே, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தரைமட்டத்தில் 350 குதிரைத் திறன் தந்த என்ஜின் மலையுச்சியில் 230தான் தந்தது. டர்போசார்ஜரைப் பூட்டியதும் 356. இழந்த மூச்சை மீட்டுக் கொடுப்பதற்கான கருவியாகத்தான் டர்போ அங்கே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தரைமட்டத்திலேயே, மூச்சு நன்றாக இருக்கும்போதே, இன்னும் கொஞ்சம் திணிப்போம் என்ற ஆசை பிறகு வந்தது. சிக்கல்களும் அந்த ஆசையோடுதான் வந்தன.

அமெரிக்கர்களுக்கும் வி-8 என்ஜினுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நான்கு நான்கு சிலிண்டர்களாக இரண்டு வரிசைகள், வி எழுத்தின் இரு கைகளைப் போலச் சாய்ந்து, அடியில் ஒரே கிராங்க் தண்டைச் சுழற்றும் அமைப்பு. 1932இல் ஹென்றி ஃபோர்டு அதை எளியவர்களின் காருக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் அமெரிக்காவில் திறன் கூட வேண்டுமென்றால் அதற்கு ஒரே விடைதான்: இன்னும் பெரிய வி-8. எரிபொருள் மலிவு, இரும்பு மலிவு, சாலைகள் நேர். ஐரோப்பியர்கள் சிறிய என்ஜினிலிருந்து பிழிந்தெடுக்கும் கலையைக் கற்றபோது அமெரிக்கர்கள் அதற்குத் தேவையே இல்லாமல் இருந்தார்கள்.

1950களின் இறுதியில் இது சற்று மாறியது. ஐரோப்பியச் சிறு கார்கள் விற்கத் தொடங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்குச் சிறிய கார்களைத் திட்டமிட்டது. சிறிய காரில் 250 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு என்ஜினை வைத்தால் முன்பக்கம் கனத்துவிடும். எனவே 1961ஆம் ஆண்டு மாடல்களுக்காக ப்யூக் பிரிவு முழுக்க அலுமினியத்தில் ஒரு வி-8 என்ஜினைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 215 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர். எடை ஏறத்தாழ 145 கிலோ. ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு அதே என்ஜினைத் தன் விருப்பத்துக்குச் சில மாற்றங்களோடு செய்துகொண்டது. அவற்றில் ஒன்று சிறியது, ஆனால் இக்கட்டுரைக்கு முக்கியமானது: சிலிண்டர் ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் போல்ட்டுகள் ப்யூக்கில் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் ஐந்து, ஓல்ட்ஸ்மொபைலில் ஆறு.

ஓல்ட்ஸ்மொபைல் என்ஜினின் நான்கு பேரல் கார்புரேட்டர் வடிவம் 185 குதிரைத் திறன் தந்தது. போதவில்லை என்று நினைத்தார்கள். கொள்ளளவைக் கூட்டினால் எடையும் செலவும் கூடும். அங்கேதான் டர்போ நுழைந்தது. காரெட் நிறுவனத்தின் சிறிய டர்போசார்ஜர் ஒன்று, ஒற்றை பேரல் கார்புரேட்டர், சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு கூடுதல் காற்றழுத்தம். அதற்கு மேல் அழுத்தம் ஏறாதபடி உபரிப் புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே திருப்பிவிட ஒரு வேஸ்ட்கேட். விளைவு, 4600 சுழற்சியில் 215 குதிரைத் திறன். கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்ற கணக்கு விளம்பரக்காரர்களுக்குக் கிடைத்த கொடை. 1962 வசந்தத்தில் ஜெட்ஃபயர் வெளிவந்தது. அதே நிறுவனத்தின் செவர்லே பிரிவும் அதே பருவத்தில் கார்வேர் மான்ஸா ஸ்பைடர் என்ற டர்போ காரை வெளியிட்டது. இரண்டில் எது முந்தியது என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. நமக்கு அது முக்கியமல்ல. இரண்டு பிரிவுகளும் ஒரே சிக்கலுக்கு நேரெதிரான தீர்வுகளைத் தேர்ந்தன என்பதுதான் சுவாரசியம்.

அந்தச் சிக்கலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் அந்த உலோகத் தட்டல் ஒலியைப் பழைய கார்களில் ஏற்றத்தில் போகும்போது பலரும் கேட்டிருப்பார்கள். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்குகிறது, பொறி பற்றவைக்கிறது, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலையாகப் பரவுகிறது. இது வெடிப்பு அல்ல, வேகமான எரிதல். பிஸ்டனை ஓங்கி அறையாமல் அழுத்தித் தள்ளும் எரிதல். ஆனால் தீ பரவும்போது இன்னும் எரியாமல் மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை மேலும் அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் தீ வந்து சேருமுன் அது தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. அதுதான் வெடிப்பு. அதன் அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் மோதித் திரும்பும் ஒலியே அந்தத் தட்டல். ஒலியைவிட மோசமானது ஒன்றுண்டு. எரியும் வாயு இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆனாலும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்கு அதன்மேல் போர்வைபோல ஒட்டியிருக்கும் மெல்லிய, அசையாத வாயுப்படலம் ஒரு முக்கியக் காரணம். வெடிப்பின் அதிர்ச்சி அந்தப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. பிறகு வெப்பம் நேராக உலோகத்துக்குள் இறங்குகிறது. பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் விளிம்பு நொறுங்குகிறது, ஹெட் காஸ்கெட் கிழிகிறது.

டர்போ இதற்கு நெய் வார்க்கிறது. காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிமுனையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐந்து பவுண்டு அழுத்தமே, அக்காலத்து அமுக்கிகளின் திறமைக் குறைவையும் சேர்த்தால், காற்றை நாற்பது டிகிரி அளவுக்குச் சூடாக்கிவிடும். அந்தச் சூடான காற்றை பிஸ்டன் மறுபடி அமுக்குகிறது. எவ்வளவு அமுக்குகிறது என்பதே அமுக்க விகிதம். கார்வேர் பொறியாளர்கள் அந்த விகிதத்தை எட்டுக்கு ஒன்று என்று இறக்கினார்கள். பாதுகாப்பான வழி. ஆனால் டர்போ சுழன்று வேகமெடுக்காத நேரத்தில், அதாவது நகரத்தில் மெல்ல ஓட்டும்போது, அத்தகைய என்ஜின் சோம்பிக் கிடக்கும். ஓல்ட்ஸ்மொபைல் பொறியாளர்கள் அதை ஏற்கவில்லை. 10.25க்கு ஒன்று என்ற உயர்ந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். டர்போ இல்லாத நேரத்திலும் கார் துடிப்போடு ஓட வேண்டும், டர்போ வந்தபின் உடையவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றுசேர்க்கும் பாலம்தான் அந்தப் புட்டி.

ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. மெத்தனால் அதில் ஏறக்குறையப் பாதி. பெட்ரோலோ ஆறில் ஒரு பங்கு அளவுதான். அழுத்தம் ஏறும் நேரத்தில் மட்டும் இந்தக் கலவையை காற்றோடு தூவினால் சிலிண்டருக்குள் போகும் காற்று குளிர்கிறது, மூலையில் மிஞ்சும் கலவை தானாகப் பற்றுவது தள்ளிப்போகிறது. இது ஓல்ட்ஸ்மொபைலின் கண்டுபிடிப்பும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்கள் அவசரத் திறனுக்காகப் பயன்படுத்திய எம்.டபிள்யூ. 50 என்பது பாதி மெத்தனால், ஏறத்தாழப் பாதி தண்ணீர், சிறிது துருத்தடுப்பு எண்ணெய். அவர்களோடு மோதிய அமெரிக்கத் தண்டர்போல்ட் விமானத்தில் டர்போவும் இருந்தது, நீர்த்தூவலும் இருந்தது. வானில் எதிரெதிராகப் பறந்தவர்களின் தொட்டிகளில் ஒரே வைத்தியம். பதினேழு ஆண்டுகள் கழித்து அது புறநகர் அமெரிக்கரின் கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

விமானத்துக்கும் காருக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. விமானத்துக்குத் தரையில் ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் தொட்டியைப் பார்த்து நிரப்புவது அவர்களின் கடமை. கார்க்காரருக்கு அப்படி யாரும் இல்லை. அவர் மறப்பார் என்பது பொறியாளர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் புட்டி காலியானால் கார்புரேட்டருக்கும் டர்போவுக்கும் இடையே ஒரு தடுப்பு வால்வு தானாக மூடிக்கொண்டு அழுத்தம் ஏறாமல் தடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அழகான வடிவமைப்பு என்றே நான் நினைக்கிறேன். என்ஜின் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. ஆனால் கார் வாங்கியவரின் கண்ணில் இது எப்படித் தெரியும்? பணம் கொடுத்து வாங்கிய வேகம் ஒரு நாள் காணாமல் போய்விட்டது, அவ்வளவுதான். அவர் விற்பனையகத்துக்குப் போய்ச் சண்டையிடுகிறார். அங்கிருந்த மெக்கானிக்குக்கும் இந்தக் குழாய்களும் வால்வுகளும் புதிது.

இரண்டு ஆண்டுகளில் 9,607 ஜெட்ஃபயர்கள் விற்றன. 1963ஓடு உற்பத்தி நின்றது. 1965இல் நிறுவனம் விரும்பியவர்களுக்கு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண நான்கு பேரல் கார்புரேட்டரைப் பொருத்தித் தந்தது. பலர் ஒப்புக்கொண்டார்கள். அசல் அமைப்போடு எஞ்சியிருக்கும் கார்கள் அரிதானது அதனால்தான்.

அலுமினிய வி-8 என்ஜினையே ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது அதற்கு இணையான இன்னொரு கதை. அலுமினிய பிளாக்கை வார்ப்பது சுலபமாக இல்லை. வார்ப்பில் ஊசித்துளைகள் விழுந்து கழிவானவை அதிகம். பொருந்தாத குளிர்நீர்க் கலவையை ஊற்றியவர்களின் ரேடியேட்டர்கள் அடைத்துக்கொண்டன. அதே 1962இல் ஃபோர்டு நிறுவனம் மெல்லிய சுவர் வார்ப்பு என்ற முறையில் ஒரு சிறிய இரும்பு வி-8 என்ஜினைக் கொண்டுவந்தது. வார்ப்பச்சுகளைத் துல்லியமாக நிலைநிறுத்தினால் சுவரைத் தடிமனாக வார்க்க வேண்டிய அவசியம் இல்லை. தேவையற்ற இரும்பு குறைகிறது, எடை குறைகிறது, விலையோ அலுமினியத்தைவிடப் பல மடங்கு மலிவு. அலுமினியத்தின் தேவையே போய்விட்டது. இந்த மெல்லிய சுவர்களிடம் பிறகு திரும்பி வருவோம்.

கைவிடப்பட்ட பிளாக்குக்கு இரண்டு மறுபிறவிகள் அமைந்தன. முதலாவது ஆஸ்திரேலியாவில். 1966இல் ஃபார்முலா 1 பந்தயத்தின் என்ஜின் வரம்பு மூன்று லிட்டராக உயர்ந்தது. ஃபெராரி பன்னிரண்டு சிலிண்டர்களோடும், பிரிட்டனின் பி.ஆர்.எம். பதினாறு சிலிண்டர்கள் கொண்ட ஒரு விபரீதத்தோடும் களமிறங்கின. ஜாக் பிரபாமிடம் அத்தகைய வசதி இல்லை. மெல்போர்னின் ரெப்கோ என்ற உதிரிபாக நிறுவனத்திடம் போனார். அங்கே மோட்டார் சைக்கிள் என்ஜின்களால் புகழ்பெற்ற ஃபில் இர்விங், உற்பத்தி நின்றுபோன ஓல்ட்ஸ்மொபைல் பிளாக்கை எடுத்துக்கொண்டு புதிய ஹெட், புதிய கிராங்க் எனச் சுற்றிலும் புதிதாக வடிவமைத்தார். ப்யூக்கை விட்டு ஓல்ட்ஸ்மொபைலைத் தேர்ந்ததற்குக் காரணம் நான் மேலே சொன்ன ஆறாவது போல்ட். ஏறத்தாழ 300 குதிரைத் திறன். போட்டியாளர்களில் சிலரைவிடக் குறைவு. ஆனால் இலகுவானது, உடையாதது. அந்த ஆண்டு பிரான்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனி என நான்கு பந்தயங்களைத் தொடர்ச்சியாக வென்று பிரபாம் உலகச் சாம்பியன் ஆனார். தன் பெயரையே தாங்கிய காரில் உலகச் சாம்பியன் ஆனவர் அவர் ஒருவர்தான். கடையில் பால் வாங்கி வரச் செய்யப்பட்ட காரின் பிளாக் அது.

அப்படியானால் ஜெட்ஃபயர் தோற்றது உலோகம் பலவீனமாக இருந்ததால் அல்ல. 215 குதிரைகளுக்கே புட்டித் தண்ணீரின் துணை கேட்ட அதே வார்ப்பு நான்கு ஆண்டுகள் கழித்து 300ஐத் தாங்கியது. பந்தய என்ஜினை அடிக்கடி பிரித்துப் பூட்டுவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வேறுபாடு அதிலிருந்து மட்டும் வருவதல்ல, விசையின் இயல்பிலிருந்தும் வருகிறது. பந்தய என்ஜின் திறனை வேகத்திலிருந்து பெறுகிறது. சுழற்சி இரட்டித்தால் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். அந்த இழுவைதான் ராட் போல்ட்டுகளை அறுப்பது. டர்போ என்ஜினோ அதே நிதானமான வேகத்தில் ஒவ்வொரு முறையும் பலமாகத் தள்ளுகிறது. 88.9 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் தலையில் 60 வளிமண்டல அழுத்தம் என்றால் அது ஏறத்தாழ 3,800 கிலோ எடை ஏறி உட்காருவதற்குச் சமம். ராட் இழுவையைவிட அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். அதனால்தான் சாதாரண என்ஜின்கள் வேகத்தால் உடைவதைவிட டர்போவால் உடைவது தாமதமாகிறது. ஆனால் அதே அழுத்தம் ஹெட்டை மேல்நோக்கித் தூக்கவும், கிராங்கைக் கீழ்நோக்கிப் பிடுங்கவும் செய்கிறது. நடுவே அகப்பட்ட பிளாக்தான் இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

இரண்டாவது மறுபிறவி இங்கிலாந்தில். ரோவர் நிறுவனத் தலைவர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்காவின் மெர்க்குரி படகு என்ஜின் தொழிற்கூடத்துக்கு வேறொரு வேலையாகப் போனபோது தரையில் கிடந்த ப்யூக் அலுமினிய என்ஜினைக் கண்டார். 1965இல் அதன் உரிமை ரோவருக்கு வந்தது. ஓய்வுபெறும் நிலையிலிருந்த ப்யூக் பொறியாளர் ஜோ டர்லி கூடவே இங்கிலாந்துக்கு வந்து உதவினார். பிறகு 2004 வரை, ரேஞ்ச் ரோவர் முதல் மார்கன் விளையாட்டுக் கார் வரை, அந்த என்ஜின் ஓடியது. இதையெல்லாம் ஆங்கிலேயக் கார்ப் பிரியர்கள் ஒரு வீரகாவியம் போலச் சொல்வார்கள். அவர்கள் அதிகம் சொல்லாத ஓர் அத்தியாயம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை ஏறியபோது அதே வி-8 என்ஜினை டீசலாக மாற்ற லாண்ட் ரோவரும் பெர்கின்ஸும் சேர்ந்து முயன்றன. திட்டத்தின் பெயர் ஐஸ்பெர்க். டர்போ இல்லாத வடிவம் ஒன்று, டர்போ வடிவம் ஒன்று. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. காற்றை இருபது மடங்கு அளவுக்கு அமுக்கி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். ஜெட்ஃபயர் தவிர்க்கத் தவித்த அதே நிலை அங்கே ஒவ்வொரு சுழற்சியிலும் நிகழ வேண்டிய விதி. ஹெட் காஸ்கெட்டுகள் தாங்கவில்லை, அலுமினியம் வெப்பத்தைச் சமாளிக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. 1986இல் ரேஞ்ச் ரோவருக்கு டீசல் வேண்டியிருந்தபோது இத்தாலியின் வி.எம். நிறுவனத்திடம் வாங்கினார்கள். உலகச் சாம்பியனின் பிளாக் குடும்பம் என்ற பெருமை அங்கே உதவவில்லை.

ப்யூக்கிலேயே இதற்கு ஓர் உறவு இருந்தது. அதே 1962இல் அலுமினிய வி-8 என்ஜினிலிருந்து இரண்டு சிலிண்டர்களைக் குறைத்து, மலிவாக இரும்பில் வார்த்த வி-6. அதை 1967இல் ஜீப் தயாரித்த கைசர் நிறுவனத்துக்கு விற்று, எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974இல் திரும்ப வாங்கினார்கள். 1978 மாடலில் அதற்கு டர்போ பூட்டினார்கள். இம்முறை புட்டி இல்லை. நாக்கிங் ஒலியைக் கேட்கும் ஓர் உணர்கருவியை என்ஜினில் பொருத்தி, தட்டல் கேட்டதும் மின்னணுச் சுற்று பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும்படி செய்தார்கள். மெக்கானிக்கின் காதை என்ஜினுக்கே கொடுத்துவிட்டார்கள் எனலாம். 1987இன் ப்யூக் ஜி.என்.எக்ஸ். அந்த வரிசையின் உச்சம். ஜெட்ஃபயரின் குடும்பம் கால் நூற்றாண்டு கழித்து, இரும்பாகி, இரண்டு சிலிண்டர்களை இழந்து வெற்றி பெற்றது.

இனி ஃபோர்டின் மெல்லிய சுவர்கள். 1962இன் அந்தச் சிறிய வி-8 வளர்ந்து 1968இல் 302 கன அங்குலம் ஆனது. 1980களிலும் 90களின் முதல் பாதியிலும் மஸ்டாங் காரில் ‘ஐந்து லிட்டர்’ என்ற பெயரில் ஓடியது. மலிவு, எங்கும் கிடைப்பது. இளைஞர்கள் அதற்கு டர்போவும் சூப்பர்சார்ஜரும் பூட்டத் தொடங்கினார்கள். பிஸ்டன் உடைந்தால் நல்ல பிஸ்டன் போட்டார்கள், ராட் வளைந்தால் நல்ல ராட். அப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனபோது கடைசியில் மாற்ற முடியாததிடம் வந்து நின்றார்கள். 500 குதிரைத் திறனை ஒட்டிய அளவில் பிளாக்கே நடுவில் பிளக்கத் தொடங்கியது. கிராங்க் தாங்கிகளிலிருந்து மேலே கேம் தண்டின் துளை வழியாகப் பள்ளத்தாக்கு வரை, விறகு பிளந்ததுபோல, இரண்டு துண்டு. அலுமினியத்தைத் தோற்கடித்த சிக்கனம்தான் அங்கே எல்லைக்கோடாக நின்றது. 150 குதிரை, 200 குதிரைக்குக் கணக்கிட்டு இரும்பைக் குறைத்தவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியாகவே விடை எழுதியிருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான வியப்பு 1999க்குப் பின் வந்தது. செவர்லே சரக்கு ட்ரக்குகளுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 4.8, 5.3 லிட்டர் இரும்பு வி-8கள். சுமை இழுக்கவும் நீண்ட நாள் உழைக்கவும் செய்யப்பட்டவை. பிளாக்கின் சுவர்கள் கிராங்கின் மையத்துக்கும் கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு கிராங்க் தாங்கியையும் நான்கு போல்ட்டுகள் கீழிருந்தும் இரண்டு பக்கவாட்டிலும் பிடிக்கின்றன. தொழிற்சாலையில் 300க்கும் குறைவான குதிரைத் திறனோடு வெளிவந்த இவை, மோதி நொறுங்கிய ட்ரக்குகளிலிருந்து பழைய இரும்புக் கடைகளுக்கு மலிவாக வந்துசேர்ந்தன. அவற்றுக்கு டர்போ பூட்டி, உடையும் வரை அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பது அமெரிக்க வாகன இதழ்களின் பொழுதுபோக்கானது. 1,000 குதிரைத் திறனைத் தாண்டியும் சில உடையவில்லை.

அந்தச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று. அவற்றைச் செய்தவர்கள் உள்ளே விலையுயர்ந்த பாகம் எதையும் போடவில்லை. பிஸ்டனைக் கழற்றி, மேல் வளையத்தின் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அரத்தால் சற்று அகலமாக்கிவிட்டுத் திரும்பப் பூட்டினார்கள், அவ்வளவே. பிஸ்டன் வளையம் முழு வட்டமல்ல, ஓரிடத்தில் வெட்டப்பட்டது. சூடேறும்போது அது நீள்கிறது. சாதாரண ஓட்டத்தின் சூட்டுக்கு ஏற்றபடி தொழிற்சாலை விட்ட மயிரிழை இடைவெளி, டர்போவின் சூட்டில் போதாமல் போகிறது. இரு முனைகளும் முட்டிக்கொள்கின்றன. இடமில்லாத வளையம் சிலிண்டர் சுவரைக் கவ்விப் பிடிக்க, பிஸ்டனின் விளிம்பு பிய்ந்துபோகிறது. நூற்றுக்கணக்கான என்ஜின்கள் ‘பலவீனமான பிஸ்டன்’ என்ற பழியோடு இறந்திருக்கின்றன. பிஸ்டனில் குற்றமில்லை, வளையத்துக்கு நீள இடமில்லை.

2016இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் எம்4 ஜி.டி.எஸ். என்ற காரைக் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்டது. ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 500 குதிரைத் திறன். பின்புறச் சாமான் அறையில் ஐந்து லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அழுத்தம் ஏறும்போது அதிலிருந்து நீர் தூவப்படுகிறது. சாலைக்கு வந்த காரில் முதன்முறையாக நீர்த்தூவல் என்று பல இதழ்கள் எழுதின. ஜெட்ஃபயரை நினைவூட்டிய சில வாசகர் கடிதங்களாவது அவர்களுக்குப் போயிருக்கும் என்று நம்புகிறேன். மெத்தனால் இல்லை, காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். உரிமையாளர் அதை மறக்காமல் நிரப்ப வேண்டும். மறந்துவிட்டால் கணினி டர்போவின் அழுத்தத்தைத் தானாகக் குறைத்துவிடும்.